வாடை எப்போது அடிக்கிறது?



பழைய வண்டிகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். துரு, பெயின்ட், தேடினாலும் கிடைக்காத உதிரி பாகம் என்று பேச எவ்வளவோ உண்டு. நான் எடுத்துக்கொண்டது காருக்குள் அடிக்கிற பெட்ரோல் வாடையை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் மறுநாளே ஷெட்டுக்கு ஓடுகிறோம். வாடையை மட்டும் 'பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறோம். போதாததற்கு டேஷ்போர்டில் எலுமிச்சை வாசனை டப்பா ஒன்றும் வாங்கி ஒட்டிவிடுகிறோம்.

அப்படித்தான் இருக்கும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கார்ப்பரேட்டர் வண்டியில் சூடான எஞ்சினை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்தால் லேசாகப் பெட்ரோல் வாடை வரும். கார்ப்பரேட்டர் கிண்ணம் மூச்சுவிட ஒரு துளை உண்டு. பல பழைய வண்டிகளில் அது வெளிக்காற்றுக்கே திறந்திருக்கும். அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆள் உட்காரும் இடத்தில் பெட்ரோல் வாடை அடிக்கட்டும் என்று எந்தக் கம்பெனியும் எந்தக் காலத்திலும் கார் செய்ததில்லை. உள்ளே வாடை அடித்தால் எங்கோ ஒன்று பிய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, இல்லை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது.

ஆபத்து எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு சேர்ந்தால் தீப்பிடிக்கும் நிலைக்கு வரும், 7.6 பங்கைத் தாண்டினால் காற்று போதாமல் பிடிக்காது. நம் மூக்கோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே சொல்லிவிடும். ஆகவே வாடை வந்த உடனே வண்டி வெடிக்கப்போகிறது என்று அலற வேண்டியதில்லை. மூக்கு நமக்கு நிறைய அவகாசம் தருகிறது, அதைத்தான் நாம் வாசனை டப்பா வாங்குவதில் செலவழிக்கிறோம். இன்னும் இரண்டு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே எழும்பிப் போகாமல் கால் வைக்கும் இடத்திலும் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழியிலும் தங்கும். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பப் பெட்ரோலுக்கு வெயில்கூட வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரிலேயே கிளம்பிவிடும். சென்னை வெயிலில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தோடு பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. நம் நாட்டில் இப்போது நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தாலும், அது புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான பொருள். பின்சீட்டில் குழந்தைகள் தினமும் அதைச் சுவாசித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டாம்.

சரி, எங்கே கசிகிறது? இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியோடு ஆரம்பித்தால்தான் வேலை கெட்டுப்போகிறது. ஷெட்டில் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணே, வண்டிக்குள்ள ஒரே பெட்ரோல் வாடை."

"எப்ப சார் அடிக்குது?"

"எப்பவும்தான்."

"காலைல எடுக்கும்போதா, ஓடும்போதா, நிறுத்தினப்புறமா?"

"அதெல்லாம் கவனிக்கலண்ணே. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

காய்ச்சல் என்று போனால் நல்ல வைத்தியர் காலையிலா, ராத்திரியிலா, குளிரோடு வருகிறதா என்று கேட்பார் இல்லையா, அதே கேள்விதான் இதுவும். பெட்ரோல் ஆவி ஓட்டை விழுந்த இடத்திலேயே நிற்காது. தரைத்தகட்டில் ஒயர் போகிற துளை, ரப்பர் பீடிங் இடுக்கு, பின்விளக்கின் கேஸ்கட் என்று எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே நுழையும். முன்சீட்டில் வாடை பலமாக இருக்கும், கசிவு பின்னால் இருக்கும். மூக்கைக் கொண்டு இடத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். நேரம் ஏமாற்றாது. அதனால் ஷெட்டுக்குப் போகும் முன் ஒரு வாரம் வண்டியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு வாடை அடித்த வேளையை எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பங்க்கில் டாங்க்கை நிரப்பிய அன்றைக்கும் மறுநாளும் வாடை, பிறகு தானாகக் குறைந்துவிடுகிறது. நான் அதிகம் பார்த்தது இதைத்தான். நிரப்பினால் மட்டும் கசிகிறது என்றால் ஓட்டை டாங்க்கின் மேல்பகுதியில் இருக்கிறது. அங்கே சந்தேகப்பட மூன்று இடம். ஒன்று, பெட்ரோல் ஊற்றுகிற குழாயை டாங்க்கோடு சேர்க்கிற தடித்த ரப்பர் ஹோஸ். அது வளைகிற இடத்தில் கீழ்ப்பக்கமாக வெடிக்கும். மேலே இருந்து பார்த்தால் புதிதுபோல இருக்கும்; கையைக் கீழே விட்டுத் தடவினால் விரலில் கறுப்பு மாவு ஒட்டும், நகம் பட்டால் விரிசல் வாயைத் திறக்கும். பக்கத்திலேயே காற்றுப் போகிற சிறு ஹோஸ் ஒன்று ஓடும், அதையும் விடக்கூடாது. இரண்டு, டாங்க்கின் மேலே உட்கார்ந்திருக்கிற மிதவை யூனிட், அதாவது மீட்டருக்குப் பெட்ரோல் அளவு சொல்கிற பாகம். அதன் கேஸ்கட் கார்க்காக இருந்தால் காய்ந்து சுருங்கும். சுருங்கிவிட்டதே என்று ஸ்க்ரூவை இன்னும் இறுக்குவார்கள். தகடு வளைந்து, இறுக்கிய இடத்துக்கும் இறுக்காத இடத்துக்கும் நடுவே சந்து விழும். கேஸ்கட்டை மாற்றும்போது தகட்டைச் சமதளத்தில் வைத்துத் தட்டி நேராக்காவிட்டால் புதுக் கேஸ்கட்டும் கசியும். பல வண்டிகளில் பின்சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற மூடியைக் கழற்றினாலே இந்த யூனிட் கைக்கு வந்துவிடும். சில வண்டிகளில் டாங்க்கை இறக்கித்தான் ஆக வேண்டும். மூன்று, டாங்க்கின் தகடு. வெளிப்பக்கம் சேறு ஒட்டி உட்கார்ந்திருக்கிற இடத்தில் துரு தின்றிருக்கும்.

இதிலேயே ஒரு நுணுக்கம் சொல்கிறேன். பெட்ரோல் மூடி இடப்பக்கம் இருக்கிற வண்டியை ரவுண்டானாவில் வலப்பக்கமாகச் சுற்றினால் உள்ளே பெட்ரோல் இடப்பக்கம் ஏறும். அந்தத் திருப்பத்தில் மட்டும் வாடை குப்பென்று வந்தால் ஊற்றுகிற குழாய்ப் பக்கம்தான் என்று கையைக் காட்டிவிடலாம். நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. பம்ப் 'டக்' என்று தானே நின்றபிறகும் ரூபாய்க் கணக்கு ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வோம். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கரி டப்பா உள்ள வண்டிகளில் இந்த அதிகப்படிப் பெட்ரோல் அந்த டப்பாவுக்குள் போய்க் கரியை நனைத்துக் கெடுத்துவிடும். பிறகு ஆவி வெளியேதான் போகும். நாலு ரூபாய்ச் சில்லறைக்காக ஆயிரக்கணக்கில் செலவு.

வண்டியை நிறுத்திய பத்து நிமிடத்தில், மூடிய கார் ஷெட்டுக்குள் வாடை கிளம்புகிறது என்றால் பார்வையை முன்னால் திருப்புங்கள். எஞ்சின் நின்றதும் விசிறிக் காற்றும் நின்றுவிடும், சூடு மேலேறும், கார்ப்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து வழியும். கொஞ்சம் இருந்தால் இயல்பு. நிறைய இருந்தால் கிண்ணத்தின் மட்டம் ஏறியிருக்கிறது. கார்ப்பரேட்டர் கிண்ணத்து மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து கனத்திருக்கலாம், நீடில் வால்வு தேய்ந்து மூடாமல் இருக்கலாம். மிதவையைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'சலக்' என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். காலையில் சோக் இழுத்து எடுத்த பிறகு, எஞ்சின் சூடேறியும் போகாத வாடை சோக் சரியாகத் திரும்பாததால் வருவது. அது சின்ன வேலை.

புளோயரைப் போட்டால் வாடை, அணைத்தால் இல்லை. இதுவும் எஞ்சின் அறைதான். காற்று உள்ளே எடுக்கிற வாய் பானட்டுக்குப் பின்னால், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. எஞ்சின் அறையில் கசிகிறதை அது உறிஞ்சித் தருகிறது. இதற்கு எதிர்க்கோடி, ஓடும்போது பின்கண்ணாடியை இறக்கினால் வருகிற வாடை. ஓடுகிற காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும், அங்கே சுழல்கிற புகை டிக்கி பீடிங் வழியாக உள்ளே இழுபடும். இந்த வாடை சில சமயம் பெட்ரோல் கசிவே அல்ல. எரியாத பெட்ரோலோடு கலந்த சைலன்சர் புகை. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு மணமே கிடையாது. வாடையோடு தலைவலியும் தூக்கமும் வந்தால் பெட்ரோலைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து இறங்குங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் உண்டு. 1984-ல் மாருதி வேனாக வந்து பிறகு ஆம்னி ஆன வண்டியில் 796 சிசி எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. டிரைவருக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவே ஒரு தகட்டு மூடியும் ஒரு ரப்பர் பட்டையும்தான். அந்த ரப்பர் நைந்துபோனாலோ, மூடியின் கிளிப்பில் ஒன்று உடைந்தாலோ, எஞ்சினில் துளி கசிந்தாலும் நேரே மூக்குக்கு வரும். பள்ளிக் குழந்தைகளை ஏற்றுகிற ஆம்னிகள் இன்னும் ஓடுகின்றன. ஓட்டுகிறவர்கள் முதலில் கசிவைப் பாருங்கள், கையோடு அந்த ரப்பரையும் மாற்றுங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் நிலைமை தலைகீழ். 2003 வரை, இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்ட அந்த வண்டியில் டாங்க் முன்னால் கால்மாட்டில், எஞ்சின் பின்னால். நடுவே பெட்ரோல் குழாய் காரின் முதுகெலும்பு டன்னலுக்குள் ஓடுகிறது. ஹீட்டருக்கு வருகிற காற்றும் எஞ்சின் விசிறியிலிருந்தே வருவதால், ஹீட்டரைத் திறந்தால் மட்டும் வாடை என்றால் கார்ப்பரேட்டர் பக்கம், நிரப்பிய அன்று மட்டும் என்றால் முன் டாங்க் என்று அங்கேயும் நேரம்தான் வழி காட்டுகிறது. அந்தக் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் நுழைகிற பித்தளைக் குழாய் அழுத்திச் செருகியது மட்டுமே. நாளாக நாளாகத் தளர்ந்து ஓடும்போதே கழன்றுவிடும். தீப்பிடித்த பீட்டில்களின் கதையில் இது அடிக்கடி வரும்.

நேரம் திசையைச் சொல்லிவிட்டது. இனி இடத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும். மூக்கு ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தாலே மரத்துவிடும். 'இப்ப வாடை இல்லையே' என்று சொல்கிறவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தவராக இருப்பார். வெளியே நின்ற ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். பிறகு சந்தேகப்பட்ட இணைப்புகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அவற்றின்மேல் முகப் பவுடரை மெல்லத் தூவுங்கள். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணையுங்கள். கசிகிற இடத்தில் பவுடர் ஈரமாகி நிறம் மாறி நிற்கும், அடையாளம் தப்பவே தப்பாது. துடைப்பதற்கு முன் தூசியையும் ஒருமுறை படிக்கலாம். எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி கெட்டியாக அப்பியிருக்கும். பெட்ரோல் கசிந்த இடத்தில் தூசி கழுவப்பட்டு, ஓரத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை மட்டும் மிஞ்சும்.

எஞ்சினில் மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் ஆயில் குச்சியையும் எடுத்து முகர்ந்து பாருங்கள். பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் மட்டம் தானாக ஏறும், ஆயில் தண்ணியாகும், பேரிங் போகும். 'நம்ம வண்டி ஆயிலே குடிக்கிறதில்ல' என்று பெருமைப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது ஹோஸ்கள். கடந்த சில வருடங்களில் பழைய வண்டிகளில் வாடை கூடியிருப்பதற்கு எத்தனாலுக்கும் பங்கு உண்டு என்பது என் முடிவு. 2022 ஜூனில் நாடு முழுவதும் நூற்றுக்குப் பத்து பங்கு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023-ல் இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, 2025-ல் அதுவே பரவலாகிவிட்டது. புதிய வண்டிகளின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இதைத் தாங்கும்படி 2023 ஏப்ரல் முதல் வருகின்றன. நம் மாருதி 800-ம் பத்மினியும் அம்பாசடரும் பிறந்தபோது அப்படி ஒரு எரிபொருளை யாரும் நினைக்கவில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், அதன் மென்மையை உறிஞ்சிவிடும், தண்ணீரையும் இழுத்துச் சேர்க்கும். தண்ணீர் டாங்க்கின் அடியில் தங்கித் துருவுக்குத் தீனி போடும். எத்தனால் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு மேடைக்கான பேச்சு. ஹோஸை மாற்ற வேண்டும் என்பதில் விவாதமே இல்லை.

மாற்றும்போது கடைக்காரர் தருவதை வாங்காமல் ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ 30ஆர்9 என்று இருந்தால் உள்ளே எத்தனாலைத் தாங்குகிற தனிப் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். விலை கூடத்தான். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அதற்குக் குறைந்ததை மாட்டவே கூடாது. கார்ப்பரேட்டர் பம்ப் தருகிற அழுத்தம் மூன்று முதல் ஐந்து பவுண்டு; இன்ஜெக்‌ஷன் பம்ப் நாற்பதை ஒட்டித் தள்ளும். முன்னதில் சொட்டுகிற ஓட்டை பின்னதில் பீய்ச்சி அடிக்கும். பைக்குக்குப் போடுகிற, கண்ணாடிபோல உள்ளே தெரிகிற டியூப் காருக்கு வேண்டாம். எஞ்சின் சூட்டில் விறைத்து ஒடிந்துவிடும். கட்டுக்கம்பி முறுக்கிவிடுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டு, ஓரம் மடித்த நல்ல கிளாம்ப்பாகப் போடுங்கள். ஓரம் கூரான கிளாம்ப் ரப்பரையே அறுக்கும்.

டாங்க்கில் ஊசித்துளை விழுந்தால் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைப்பது நம் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் வேலை செய்யும். நடுவழியில் நின்றவர் ஊர்வந்து சேர அது போதும். அதற்குமேல் அதை நம்பி ஓட்டக்கூடாது. எம்-சீல் பிசைந்து அப்புவதும் அப்படியே. பெட்ரோல் ஈரத்தின் மேல் அது பிடிக்காது, பிடித்தாலும் சுற்றியிருக்கிற துரு அடுத்த துளையைப் போட்டுக்கொண்டிருக்கும். டாங்க்கை இறக்கி, ரேடியேட்டர் வேலை செய்கிற அனுபவஸ்தரிடம் கொடுத்து வெந்நீரில் அலசி ஈயம் பற்றவைப்பதுதான் முறை. தகடு முழுக்க அரித்துப்போயிருந்தால் வேறு டாங்க் தேடுங்கள்.

தயவுசெய்து காலி டாங்க்கை வெல்டிங் செய்ய யாரிடமும் கொடுக்காதீர்கள். பெட்ரோல் இல்லையே, என்ன ஆகப்போகிறது என்று நினைப்பார்கள். முன்னே சொன்ன 1.4-க்கும் 7.6-க்கும் நடுவிலான கலவை காலி டாங்க்கில்தான் அமையும். காலி டாங்க் என்பது வெடிகுண்டு.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஒயரில் தொங்குகிற கண்ணாடி பல்பைக் காருக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். ஒரு சொட்டு பெட்ரோல் சூடான பல்பின் மேல் விழுந்தால் பல்பு உடையும், உள்ளே கம்பி இன்னும் எரிந்துகொண்டிருக்கும். எல்இடி டார்ச் போதும். சர்வீஸ் பிட்டுக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யக்கூடாது, ஆவி கனமானது, குழியில்தான் இறங்கி நிற்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். பவுடர் அடிக்கிற தீயணைப்பான் வேண்டும். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கசிவை அடைத்த பிறகும் சில நாள் வாடை இருக்கும். தரைவிரிப்புக்கு அடியில் இருக்கிற ஃபெல்ட்டும் சீட்டின் ஃபோமும் பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும். அவற்றை வெளியே எடுத்து நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்துங்கள். நன்றாக நனைந்த ஃபெல்ட்டை மாற்றிவிடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் வாடை குறையாமல் இருந்தால் இரண்டாவது கசிவு ஒன்று இருக்கிறது. ஒரே வயதான ரப்பர்கள் ஒன்றையொன்று ஒட்டித்தான் போகும்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். இன்றைக்கே வீட்டுக்குப் போனதும், எஞ்சின் ஆறிய பிறகு பானட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸை விரலால் கிள்ளிப் பாருங்கள். விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்றும் வாங்குங்கள். அதை டிக்கியில் போட்டுப் பூட்டாமல், உட்கார்ந்தபடியே கை எட்டுகிற இடத்தில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பொருத்திவையுங்கள்.